ஆற்றில் எண்ணெய் வாடை அடித்தால் முதல் ஒரு மணி நேரம்

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றிலோ பெரிய லோங்காங்கிலோ (வடிகாலிலோ) திடீரென்று பெட்ரோல் வாடை அடித்தால், நம்மில் பலர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படம் பிடிக்கக் கரைக்கு ஓடுகிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, அது மேலே போகாமல் பள்ளத்திலேயே தவழும், லோங்காங் மூடிக்குக் கீழே தங்கும், அப்புறம் ஒரு பொறி போதும். டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாதுதான், ஆனால் வாடையை வைத்து இது டீசல் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நம் மலேசியாவில் மலாக்கா, போர்ட்டிக்சன் பக்கமிருந்து டிங்கில் வரை வரும் நிலத்தடிக் குழாயில் பெட்ரோல், டீசல் எல்லாம் ஒரே குழாய்க்குள்தான் மாறி மாறி வருகின்றன.

அதனால் முதல் வேலை விலகுவது. ஆற்றைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில் படும்படி, மேடான இடமாகப் பார்த்து நில்லுங்கள். கரையோரம் நிறுத்திய மோட்டார் சைக்கிளை எடுக்கப் போக வேண்டாம். ஆற்றோரக் கோயிலுக்குள் வாடை வந்துவிட்டதா, விளக்கை அணைக்கக்கூட உள்ளே போகாமல் பூசாரியையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் வெளியேறுங்கள்.

தள்ளிப் போன பிறகு 999-க்கு அழைத்துப் பொம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) சொல்லுங்கள். அங்கே கேட்கப் போவது இடம்தான், ஆகவே தாமான் (குடியிருப்பு) பெயரோடு பக்கத்துப் பாலம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை மணிக்கு வாடை வந்தது, தண்ணீர் மேல் என்ன நிறம் என்று சொல்லுங்கள். குழாய் போகும் வழியில் நட்டிருக்கும் எச்சரிக்கைக் கம்பங்களில் அவசர எண் எழுதியிருக்கும்; தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் அந்த எண்ணுக்கும் அழையுங்கள், குழாயை நடத்தும் அவர்களால்தான் பம்பை நிறுத்த முடியும். வால்வைத் தேடிப் போய்த் திருகாதீர்கள். சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727.

வாடையே இல்லாமல் தண்ணீர் மேல் வானவில் நிறம் மட்டும் தெரிந்தால் ஒரு நீளமான குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். தட்டு உடைந்த மாதிரி சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியா, பயப்பட ஒன்றுமில்லை. குச்சியை எடுத்ததும் சுழன்று சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெயே 1,000 சதுர மீட்டர் வரை அப்படி மினுமினுக்கப் பரவும், அதனால் பரப்பைப் பார்த்து அளவைக் கணக்குப் போட முடியாது.

அடுத்தது, பலரும் மறந்துவிடுவது: ஆறு ஓடும் திசையில் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது. எல்லாருடைய கண்ணும் குழாய் உடைந்த இடத்திலேயே இருக்கும், எண்ணெயோ போய்க்கொண்டே இருக்கும். வாடை இல்லாத ஒரு பாலத்தில் நின்று ஒரு இலையைப் போட்டு, 10 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணுங்கள். 20 விநாடி என்றால் மணிக்கு 1.8 கிலோமீட்டர். செந்தூலில் பத்து மணிக்குப் பார்த்தது பதினொன்றுக்கு எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம், அந்தக் கணக்கைப் பொம்பாவிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் தடுப்பை எண்ணெய்க்கு முன்னால் போய்த்தான் போட வேண்டும். கீழே தூண்டில் போடுகிறவர் தெரிந்தவர் என்றால் உடனே போன் போட்டு, "மாமா, இன்னைக்கு வேணாம், மேலே ஏறி வந்துருங்க" என்று சொல்லிவிடுங்கள். 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தபோது நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டி வந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோமே.

தடுக்கும் வேலை பயிற்சி உள்ளவர்களுடையது, ஆனாலும் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. 'பூம்' என்னும் மிதவைத் தடுப்பை ஆற்றுக்கு நேர் குறுக்கே கட்டினால், விநாடிக்கு 35 சென்டிமீட்டருக்கு மேல் ஓடும் தண்ணீரில் எண்ணெய் அதன் அடியில் நழுவிவிடும். சாய்வாகக் கட்டி, ஓட்டம் குறைந்த கரைக்கு எண்ணெயை ஒதுக்கி, அங்கே உறிஞ்சி எடுப்பார்கள். சின்ன ஓடை என்றால் மணல் மூட்டைகளை அடுக்கி நடுவில் குழாய் வைப்பார்கள், மேல்பக்க வாய் தண்ணீருக்கு அடியில், கீழ்ப்பக்க வாய் சற்று உயரத்தில். அடித்தண்ணீர் மட்டும் வெளியே போகும், மிதக்கும் எண்ணெய் உள்ளேயே நிற்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் நம் ஊரில் மாலை மூன்று நான்கு மணி மழை ஒன்று வந்தால் லோங்காங் சில நிமிடத்தில் நிரம்பி அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். வானம் இருட்டினால் கரையில் யாரும் நிற்க வேண்டாம்.

பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றாதீர்கள். எண்ணெய் மறைந்தது போலத் தெரியும், உண்மையில் துளித்துளியாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கி மீனைக் கொல்லும். கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட துணி, பஞ்சு, மண் எல்லாம் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அபாயக் கழிவு, வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. தோலில் பட்டால் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்தது என்று சொன்ன பிறகும் சில நாள் கரையைக் கவனியுங்கள். புல்லிலும் மண்ணிலும் ஊறிய எண்ணெய் அடுத்த மழைக்குத் திரும்ப இறங்கும். மறுபடி வாடை வந்தால் மறுபடி அழையுங்கள்.