மோட்டார்ஹோமில் டிவி: ஆன்டெனா, கேபிள், டிஷ் மூன்றையும் இணைப்பது எப்படி?

வீட்டு டிவியில் படம் வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம். வீடாகவே அமைத்த வண்டியான மோட்டார்ஹோமில் அது நடக்காது. இடம் மாறும்போதெல்லாம் நாமே கேபிள்காரர், நாமே டிஷ் மாட்டுபவர். வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. படம் வராத நேரங்களில் பாதிக்கு மேல் சிக்னல் நன்றாகத்தான் இருக்கும். அது டிவிக்கு வந்து சேரும் வழிதான் எங்கோ மாறிக் கிடக்கும். அதனால் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதற்கு முன்னால், வண்டிக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம்.

1. ஒயர் போகும் வழி

டிவிக்கு மூன்று வழிகளில் சிக்னல் வரலாம்: கூரை மேல் இருக்கும் ஆன்டெனா, வண்டியின் வெளிப்பக்கத்தில் மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கும் கேபிள் சாக்கெட், டிஷ். முதல் இரண்டும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளே ஒரே இடத்துக்கு வந்து சேரும். டிவிக்குப் பின்னாலோ மேல் அலமாரிக்குள்ளோ சுவரில் ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதில் ஒரு பட்டனும் கடுகளவு விளக்கும் இருக்கும். இந்தப் பட்டன்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

பட்டனை அழுத்தி விளக்கு எரிந்தால், கூரை ஆன்டெனாவில் உள்ள, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டருக்கு அதே ஒயர் வழியாக 12 வோல்ட் போகிறது, டிவிக்கு ஆன்டெனா சிக்னல் வருகிறது என்று அர்த்தம். விளக்கு அணைந்தால் ஆன்டெனா வழி அடைபட்டு கேபிள் வழி திறக்கும். ஆக, கேபிளை மாட்டிவிட்டு விளக்கை எரிய விட்டால் கேபிள் சேனல் ஒன்றும் வராது; ஆன்டெனாவை உயர்த்திவிட்டு விளக்கை அணைத்து வைத்தாலும் இதே கதைதான். பூஸ்டருக்கு மின்சாரம் போகும் இந்த ஒயரில் நடுவே, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் எதையும் செருகாதீர்கள்.

டிஷ் தனி ரகம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு செட்டாப் பாக்ஸே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். எந்த அலையை எடுக்க வேண்டும் என்று எல்என்பிக்குத் தெரிவிப்பதே இந்த வோல்ட் மாற்றம்தான். எனவே டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு ஒயர் நேராக, இடையில் எதுவும் இல்லாமல் போக வேண்டும். பூஸ்டர் தகடு வழியாகச் சுற்றிவிட்டால் பாக்ஸ் 'சிக்னல் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வெளிப்பெட்டியில் இரண்டு சாக்கெட் இருந்தால் ஒன்று கேபிளுக்கு, மற்றது டிஷ்ஷுக்கு. எது எதற்கு என்று ஒரு தடவை ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்து, டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

ஒயரை வாங்குவதானால் ஆர்ஜி-6, 75 ஓம் வகை. பழைய வண்டிகளில் இருக்கும் மெல்லிய ஆர்ஜி-59 ஆன்டெனாவுக்குத் தாங்கும்; டிஷ் சிக்னலை நீள வழியில் தின்றுவிடும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். நடுவில் உள்ள செம்புக் கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் போல நீட்டிக்கொண்டு, வளையாமல், பளிச்சென்று இருக்க வேண்டும். சுற்றியுள்ள பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை பிரிந்து அந்த நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், படம் காலி. மயிரிழை போன்ற அந்த இழையை விரலால் தடவித் தேடுவதை விட, பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது மேல்.

2. ஆன்டெனா

உயர்த்துவதற்கு முன் வண்டியை விட்டு இறங்கி மேலே பாருங்கள்: மரக்கிளை, முக்கியமாக மின்கம்பி. இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

தகட்டில் விளக்கை எரிய விடுங்கள். டிவி மெனுவில் சிக்னல் வகையை 'ஆன்டெனா' என்று வைத்து, சேனல் ஸ்கேன் போடுங்கள். டிஜிட்டல் ஒளிபரப்பில் பழைய காலத்துப் புள்ளிப் புள்ளியான படம் கிடையாது. வந்தால் தெளிவாக வரும். சிக்னல் கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றும் இருக்காது. அதனால் திசையைக் கண்ணால் பார்த்துத் திருப்ப முடியாது. டிவி மெனுவுக்குள் சிக்னல் அளவு, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். தரப் பட்டையைப் பார்த்துக்கொண்டு ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சில நொடிகள் பொறுக்க வேண்டும். நல்ல திசை கிடைத்ததும் மறுபடி ஸ்கேன். இடம் மாறினால் புது ஸ்கேன் கட்டாயம். நேற்றைய ஊரின் சேனல் பட்டியல் இன்றைக்கு உதவாது.

கோபுரம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? அக்கம்பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அவற்றின் கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா, நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். சில ஒளிபரப்புகள் செங்குத்து அலையில் வரும். அங்கே உங்கள் ஆன்டெனாவையும் அதற்கேற்பத் திருப்பினால்தான் சரியாக எடுக்கும். எல்லாத் திசையிலும் எடுக்கும் வட்ட ஆன்டெனா என்றால் இந்த வேலையே இல்லை. ஆனால் கோபுரம் தூரத்தில் இருக்கும் இடங்களில் அது தோற்றுவிடும்.

3. கேபிள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் மின்சாரக் கம்பத்தோடு கேபிள் சாக்கெட்டும் இருந்தால், உங்கள் ஒயரை அதிலிருந்து வண்டியின் கேபிள் சாக்கெட்டுக்கு மாட்டுங்கள். தகட்டில் விளக்கை அணையுங்கள். டிவி மெனுவில் 'ஆன்டெனா'வை 'கேபிள்' என்று மாற்றி ஸ்கேன் போடுங்கள். இந்த மாற்றத்தைச் செய்யாமல் ஸ்கேன் போட்டுவிட்டு, கேபிளே வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். சேனல்கள் பூட்டப்பட்டிருந்தால் அந்த இடத்துக்காரர்களிடம் பாக்ஸ் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

4. டிஷ்

டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் வட்டப்பாதையில் இருக்கின்றன. அதனால் வட கோளத்தில் டிஷ் பொதுவாகத் தெற்குப் பக்கமும், தென் கோளத்தில் வடக்குப் பக்கமும் பார்க்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வானத்தில் உயரமாகப் பார்க்க வேண்டும்.

கூரையில் பதிக்கும் குமிழ் வடிவ தானியங்கி டிஷ் தானே தேடிக்கொள்ளும், பட்டனை அழுத்தினால் போதும். என் ஓட்டு ஆனால் முக்காலி டிஷ்ஷுக்குத்தான்: வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு டிஷ்ஷை மட்டும் வெயிலில் வைக்கலாம். குமிழுக்காக வண்டியையே வெட்டவெளியில் காயப் போட வேண்டியிருக்கும்.

டிஷ் திசைக்கான மொபைல் செயலி எதையாவது திறந்து, நீங்கள் நிற்கும் இடத்தையும் செயற்கைக்கோளையும் கொடுங்கள். மூன்று எண்கள் வரும்: எந்தத் திசை, எவ்வளவு உயரக் கோணம், எல்என்பியை எவ்வளவு சாய்க்க வேண்டும். அந்தத் திசையில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். உயரக் கோணம் 45 டிகிரி என்றால், மரம் டிஷ்ஷை விட எத்தனை அடி உயரமோ அத்தனை அடிக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். 30 டிகிரி என்றால் அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு.

முக்காலியை விரித்து, நடுக்கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இது. கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் உள்ள கோண அளவு எதுவுமே உண்மையைச் சொல்லாது. திசை பார்க்கும்போது வண்டியை விட்டுச் சில அடிகள் தள்ளி நில்லுங்கள்; இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி தடுமாறும்.

உயரக் கோணத்தை டிஷ்ஷின் பின்னால் உள்ள அளவுகோலில் வையுங்கள். டிஷ் கிட்டத்தட்ட நட்டமாக நின்று தரையைப் பார்ப்பதுபோலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். எல்என்பி கீழ்ப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தப்பட்ட டிஷ்கள், முகம் காட்டும் திசையை விட 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் பார்க்கும். கண்ணை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள்.

இனி திருப்புவது. 60 சென்டிமீட்டர் டிஷ் பார்க்கும் அகலம் 3 டிகிரிக்குள்தான். அதனால் விரல் அகலம் நகர்த்துங்கள், இரண்டு மூன்று நொடி நில்லுங்கள், பாக்ஸ் மெனுவில் உள்ள தரப் பட்டையைப் பாருங்கள், மறுபடி விரல் அகலம். சட்டென்று சுழற்றினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் உயரக் கோணத்தை ஒரு டிகிரி மாற்றி மறுபடி. அளவுப் பட்டை நிறைந்து தரம் பூஜ்யமாக இருந்தால் பக்கத்து செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். அவை இரண்டு மூன்று டிகிரி இடைவெளியில் கூட இருக்கும்.

கிடைத்த பிறகு போல்ட்டை இறுக்கும்போதும் பட்டை கண்ணில் பட வேண்டும், இறுக்கும் திருப்பிலேயே டிஷ் நகர்ந்துவிடும். முக்காலிக்கு நடுவில் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. கனமழையில் படம் போனால் எதையும் தொடாதீர்கள், மழை விட்டதும் தானே வரும்.

5. மின்சாரமும் கிளம்பும் நேரமும்

12 வோல்ட் டிவி என்றால் பேட்டரியில் நேரடியாக ஓடும், இன்வெர்ட்டர் தேவையில்லை. டிவியும் பாக்ஸும் சேர்ந்து 48 வாட் எடுத்தால் 4 ஆம்பியர். நான்கு மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-மணி. பூஸ்டர் எடுப்பது சொற்பம், ஆனாலும் டிவி பார்க்காத நேரத்தில் அதன் விளக்கை அணைத்து வையுங்கள்.

இடி மின்னல் தெரிந்தால் ஆன்டெனாவை இறக்கி, வெளி ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கிளம்பும்போது ஆன்டெனாவை இறக்கும் முன், அதன் தலை படுக்கும் திசைக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று உள்ளே உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். குறுக்காக இருக்கும்போது இறக்கினால் கூரையில் மோதி உடையும். உயர்த்தியபடியே ஓட்டினால் முதல் கிளையிலேயே போய்விடும். 'ஆன்டெனா மேலே' என்று எழுதிய அட்டையை, உயர்த்தும்போதே வண்டிச் சாவியில் மாட்டிவிடுங்கள். கேபிள் ஒயரைச் சுருட்டிய பிறகு வெளிச் சாக்கெட்டின் மூடியைத் திருகி மூடுங்கள். உள்ளே ஈரம் போனால் நடுக்கம்பி பச்சை பிடித்துவிடும்.