கார்புரேட்டர் கடைசி: பழைய வண்டியின் ஐட்லிங் சிக்கலில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கத்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் 1996 மாருதி 800-இன் டாஷ்போர்டுப் பிள்ளையார் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்று ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது மட்டும், குலுக்கல், மிஸ் அடித்தல், சில நேரம் ஆஃப். ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கண்ணில் பட்ட ஸ்க்ரூவை இரண்டு சுற்று இந்தப் பக்கம், மூன்று சுற்று அந்தப் பக்கம் என்று திருகினேன். கடைசியில் வெறுத்துப்போய் இறுக்கி மூடியதில் அதன் ஊசிமுனையில் ஒரு வரி விழுந்துவிட்டது. ஜே.சி. ரோடு சந்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணன், திருவண்ணாமலைக்காரர், அந்த ஊசியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கார்பரேட்டர் வாயில்லாப் பூச்சி தம்பி. எல்லாப் பழியையும் அது தலையில போடுவீங்க." உண்மையான கோளாறு, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஒரு எச்.டி. ஒயரில் இருந்தது.

எடுத்த எடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ தானாகத் திரும்பிக்கொள்ளாது. போன மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி இந்த மாதம் குலுங்குகிறது என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும். தொட்டே ஆக வேண்டும் என்றால், இப்போது இருக்கும் இடத்திலிருந்து எத்தனை சுற்றில் அது மெதுவாக உள்ளே போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். "மெதுவாக" என்பதை என் ஊசிமுனையின் நினைவாக அழுத்திச் சொல்கிறேன்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் எல்லா ஸ்க்ரூவுக்கும் "ஏர் ஸ்க்ரூ" என்றே பெயர். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் அது பெரும்பாலும் நிஜமாகவே காற்றைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூவோ பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். பைக்கில் கை பழகியவர் காரில் கை வைத்தால் எல்லாம் தலைகீழாகத்தான் நடக்கும்.

ஐட்லிங் ஸ்பீடைக் கூட்டிவிட்டுச் சமாளிப்பது அடுத்த தவறு. "கொஞ்சம் ரேஸ் ஏத்தி விட்டுடுங்க, போதும்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். திராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்ததும் கோளாறு மறைகிறது, தீர்வதில்லை. கியர் போடும்போது கரகரக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சாவியைத் திருப்பி ஆஃப் செய்த பிறகும் இன்ஜின் நாலைந்து முறை முக்கி முக்கி ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, எங்கே தொடங்குவது? சோதிக்கும் முன் இன்ஜின் முழுதாகச் சூடாகியிருக்க வேண்டும். சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். டிசம்பர் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடமே மிஸ் அடிக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி சோக் தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிளைத் தள்ளிவிட்டதாலேயே தகடு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதை அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வைத்துச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

இன்னொன்று: மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே கொஞ்சம் குலுங்கும். மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துபோயிருந்தால் அந்த இயல்பான குலுக்கலே நில நடுக்கமாகத் தெரியும். சைலன்சர் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். சீராகப் படபடத்தால் இன்ஜினில் பெரிய குறை இருக்க வாய்ப்பில்லை, மவுண்டிங்கைப் பாருங்கள். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. காகிதம் அவ்வப்போது உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகப்படலாம்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய வழி, நல்ல வழி. எதைக் கழற்றினால் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி. செய்கிற விதத்தில்தான் தவறுகிறோம். வெறும் கையால் பிடுங்கி, "ஷாக் எல்லாம் நமக்குப் பழக்கம்" என்று பெருமை பேசுவது ஒன்று. கழற்றிய ஒயரை அந்தரத்தில் தொங்க விடுவது இன்னொன்று. பாய வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதன் மாட்யூலையும் கெடுக்கும். உறையிட்ட பிளையரால் கழற்றி, ஒயர் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். ஓடும் இன்ஜினில் பிடுங்க வேண்டாம். ஆஃப் செய்து, மாற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

குற்றவாளி சிலிண்டர் தெரிந்ததும் மூன்று பிளக்கையும் புதிதாக மாற்றுவது எல்லோரும் செய்வது. அதோடு தடயம் போச்சு. முதலில் அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டர் பிளக்கோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் ஒயரையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வால்வு, கம்ப்ரஷன், அந்த சிலிண்டருக்கு மட்டும் எங்கோ ஏர் இழுப்பது என்று சந்தேகம் சுருங்கிவிடும். காசு செலவில்லை, அரை மணி நேரம்தான். பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதென்றால் சிவாஜிநகர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து பார்க்காதீர்கள், எந்த பிளக்கும் கறுத்துத்தான் இருக்கும். ஓசூர் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) உள்ள வண்டிகளில் வேறொரு தவறு தொடர்ந்து நடக்கிறது. என் மாமாவின் பத்மினி காருக்குப் புது பாயிண்ட் போட்டார்கள். முன்பைவிட மோசமாக ஓடியது. பொறி விழும் நேரமான டைமிங்கைச் சரிபார்த்துவிட்டு அதற்குப் பிறகு பாயிண்ட் கேப்பை, அதாவது அதன் இடைவெளியைத் தொட்டிருந்தார்கள். கேப் மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும், கூடவே டைமிங்கும் மாறும். எப்போதும் கேப் முதலில், டைமிங் பிறகு. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் மதிப்பில் கேப் வைக்கும் "கைராசி" ஆட்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அப்புறம் பாயிண்டோடு இணைந்த கண்டென்சர்: குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் கைவிடும் பொருள் அது. மழைக்கால இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினைக் கை படாமல் தள்ளி நின்று பாருங்கள். ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீல நிறத்தில் மின்மினி தெரிந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

இக்னிஷன் சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் குலுங்கி, அறுபதில் போகும்போது வெண்ணெயாக ஓடினால், எங்கோ ஏர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஐட்லிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் காற்று பெரிய பங்காகிவிடும். வேகத்தில் போகும்போது அதே ஓட்டை கடலில் கரைத்த பெருங்காயம். பார்க்க வேண்டிய இடங்கள்: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டர் அடியில் உள்ள தடித்த இன்சுலேட்டர், வேக்குவம் குழாய்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாய். கார்புரேட்டர் நட்டுகளை "ஏர் இழுக்கக் கூடாது" என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கி, அந்த இன்சுலேட்டரை வளைத்து, அதனாலேயே ஏர் இழுக்க வைப்பது நம் மெக்கானிக்குகளின் தனித்திறமை.

ஏர் லீக் கண்டுபிடிக்க சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்துப் பீய்ச்சுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பக்கத்தில் பொறி பறக்கும் ஒயர். தயவுசெய்து வேண்டாம். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக பிளையரால் மெல்லக் கவ்விப் பாருங்கள். எதைக் கவ்வும்போது ஓட்டம் சீராகிறதோ அதன் மறுமுனையில் லீக். கேஸ்கட் ஓரங்களில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை லேசாகத் தெளித்தாலும் ஓட்டத்தில் மாற்றம் தெரியும், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் சரி. திராட்டில் தண்டே தேய்ந்து ஆடினால் எந்த ட்யூனிங்கும் நிற்காது, புஷ் போட்டாக வேண்டும்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தால் உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்திருப்பவர்கள் பெங்களூரில் தனியாக ஒரு தவறு செய்கிறார்கள். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும் என்று புத்தகங்கள் சொல்வது கடல் மட்டத்துக்கு. இந்த ஊர் சுமார் 920 மீட்டர் உயரம். கேஜ் சுமார் 3 அங்குலம் குறைத்தே காட்டும். 15 காட்டுகிறது என்று பதறி இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. முள் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட எப்படி ஆடுகிறது என்பதைப் பாருங்கள்: குறித்த இடைவெளியில் ஒரே மாதிரி சரிந்தால் ஏதோ ஒரு வால்வில் தகராறு. கம்ப்ரஷன் கேஜும் இங்கே சென்னையைவிடக் குறைத்தே காட்டும். எண்ணை விட்டுவிட்டு சிலிண்டர்களுக்குள் வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு எடுத்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு.

இதே உயரக் கணக்கு கலவைக்கும் பொருந்தும். காற்று இங்கே எட்டு, ஒன்பது சதவீதம் அடர்த்தி குறைவு என்பதால் சென்னையில் ட்யூன் செய்த வண்டி இங்கே கொஞ்சம் ரிச்சாக ஓடும். 2023 முதல் பங்குகளில் பரவிய 20 சதவீத எத்தனால் பெட்ரோலோ லீன் பக்கம் இழுக்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. "எத்தனால் வந்தது, வண்டி கெட்டது" என்று உடனே பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்ற ஓடாதீர்கள். எத்தனால் செய்யும் நிஜமான கேடு வேறு இடத்தில்: பழைய ரப்பர் குழாயை உள்ளிருந்து அரித்து, அந்தத் துகள்களை ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

வால்வுகளைத் திறக்கும் டாப்பெட் விஷயத்தில் நாம் காதை நம்பி ஏமாறுகிறோம். டிக் டிக் என்று சத்தம் வந்தால் "டாப்பெட் லூசு" என்று ஓடுகிறோம். சத்தமே வராத டாப்பெட்தான் ஆபத்து. இடைவெளி இல்லாமல் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. முதலில் ஐட்லிங் கெடும், பிறகு வால்வே எரியும். எல்.பி.ஜி.யில் ஓடிய 800, ஆம்னி வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இது வேகமாக நடக்கும். அந்த மாதிரி வண்டி வாங்கினால் கார்புரேட்டரைப் பார்க்கும் முன் ஃபீலர் கேஜை எடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்தான் கார்புரேட்டர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓடி, விட்டதும் நின்றால், உங்கள் கார்புரேட்டரில் ஐட்லிங்குக்கு சோலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் அடைப்பான்) இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பினால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயர் கழன்றிருக்கலாம். கார்புரேட்டரைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்; காற்றடித்தால் போதும், அடங்காவிட்டால் மீன்பிடி நைலான் நரம்பு. மலிவான ரிப்பேர் கிட்டில் வரும் கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து எல்லாத் துளைகளும் பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். என் கிட்டில் ஒரு துளையே இல்லை.

கடைசியாக மிக்சர் ஸ்க்ரூ. சூடான இன்ஜினில், கால் சுற்று கால் சுற்றாக, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருந்து, வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்பீடு ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கி, மறுபடி ஒரு முறை. பிறகு பெட்ரோல் பங்க் ஓரத்து எமிஷன் டெஸ்ட் பெட்டிக்குப் போங்கள். அங்கே சான்றிதழோடு கிளம்பிவிடாமல் அதில் உள்ள எண்களைப் படியுங்கள். இந்த மாதிரிப் பழைய கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். முன்னது ஏறியிருந்தால் கலவை ரிச். முன்னது குறைவாக இருந்து பின்னது மட்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. மறுபடி பிளக் ஒயரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.