கிரில் சூடேறாமல் படுத்தியபோது
நியூஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் கேஸ் கிரில் போன வாரம் மக்கர் செய்தது. சிலிண்டர் புதுசு, பர்னர் மூன்றும் எரிகிறது, ஆனால் தீ மெழுகுவத்தி மாதிரி. மூடியில் இருக்கும் மீட்டர் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை, மசாலா தடவிய கோழிக்கால் வெளுத்துக் கிடந்தது. ரெகுலேட்டர் போச்சு என்று புதுசு வாங்கக் கிளம்பியே விட்டேன். விஷயம் வேறு: பர்னர் குமிழைத் திறந்து வைத்தபடி சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், எங்கோ கசிகிறது என்று கணக்குப் போட்டு, பாதுகாப்புக்காக ரெகுலேட்டர் இணைப்புக்குள் இருக்கும் அமைப்பு கேஸைச் சுருக்கிவிடும். தப்பு என்னுடையதுதான். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மாட்டினேன். வால்வை மெல்ல மெல்லத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. அப்புறம் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பற்றவைத்தால், புஸ்ஸென்று நீலத் தீ!