எக்சைட்மென்ட்டுக்குத் தமிழில் என்ன போடுவது?

சப்டைட்டில் வேலையில் என்னை அதிகம் திணறடித்த சொல் ‘எக்சைட்மென்ட்’. ஆரம்பத்தில் அகராதியைப் பார்த்து ‘கிளர்ச்சி’ என்று போட்டுவிட்டேன். மறுநாள் பள்ளிச் சுற்றுலா போகப்போகும் சிறுமி, “எனக்குக் கிளர்ச்சியாக இருக்கிறது அம்மா” என்றாள். சரிபார்த்த அக்கா சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. கிளர்ச்சி என்றால் 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் செய்தது, இல்லாவிட்டால் காமம்.

அதனால் முதலில் அகராதியை மூடுங்கள். அந்த உணர்வு உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நெஞ்சு அடித்துக்கொண்டால் படபடப்பு. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவருக்கு வருவது இதுதான், கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். கை கால் ஓரிடத்தில் நிற்காவிட்டால் பரபரப்பு. ஆனால் இந்தச் சொல்லைச் செய்திச் சேனல்கள் தேய்த்துவிட்டன. ‘பரபரப்பு’ என்றாலே எங்கோ ஏதோ விபரீதம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ரோமம் குத்திட்டு நின்றால் சிலிர்ப்பு. பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினால் குதூகலம். உற்சாகம் வேறு வகை: வேலையில் இறங்க வைக்கும் தெம்பு அது, சட்டென்று வடியாது.

எதுவும் பொருந்தவில்லையா? சரி, பெயர்ச்சொல்லையே விட்டுவிடுங்கள். அந்தச் சிறுமியின் வரியைக் கடைசியில் “எப்பம்மா விடியும்?” என்று மாற்றினேன். திரையில் இடமும் மிச்சம்.

அப்புறம், அலுவலகக் கடிதங்களில் ‘வீ ஆர் எக்சைட்டட்’ என்று வந்தால் ‘மகிழ்ச்சி’ போதும். அங்கே யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.