ஓலையை நனைக்கணும், நாரை ஊறவைக்கணும்

சாயல்குடியில் அப்பத்தாவிடம் பனை ஓலைப்பெட்டி முடையக் கற்றேன். முதல் பெட்டி காய்ந்ததும் பின்னலெல்லாம் இளகி, அரிசி போட்டால் ஒழுகியது. அப்பத்தா ஓலையைத் தடவிப் பார்த்தார்: “ஏத்தா, நனைச்சு வைன்னுதானே சொன்னேன். ஊறவா போட்ட?”

ராத்திரி முழுக்க வாளியில் போட்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

நனைவது மேலே படுவது. ஊறுவது நேரம் எடுத்து உள்ளே இறங்குவது. மழையில் சட்டென்று நனைந்துவிடலாம். புளி சட்டென்று ஊறாது. அவலை நனைத்தால் போதும், இட்லி அரிசியை ஊறவைத்தே ஆகவேண்டும். நம் கரையில் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிறோமே, அங்கும் தண்ணீர் ஊறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. மட்டையிலிருந்து உரித்த நாரை முந்தின இரவே தண்ணீரில் முழுக ஊறப்போடுங்கள். வெறுமனே நனைத்த நார், விளிம்பு கட்டும்போது முடிச்சில் முறியும்.

2. காய்ந்த குருத்தோலையில் ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள்.

3. நான் தவறிய இடம் இதுதான். கிழித்த ஓலையைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, உதறி, ஈரத்துணியில் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். ஒரு கீற்றை விரலில் சுற்றிப் பாருங்கள்: வெடிக்காமல் வளைய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஊறிய ஓலை உப்பிவிடும். அப்படியே முடைந்தால், காயும்போது சுருங்கி ஒவ்வொரு கட்டத்திலும் சந்து விழும். எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் அதைத் தடுக்க முடியாது.

சுற்றி வைக்கப் பழைய பருத்தி வேட்டிதான் நல்லது. சாக்கு வேண்டாம், அதன் தூசியும் கறையும் ஓலையில் ஏறும்.

4. முடைந்து, விளிம்பில் நார் கட்டி, நிழலில் காயவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: கீழக்கரையிலிருந்து ஒருவர், நனைத்த ஓலைதான், ஆனாலும் பெட்டி பிசுபிசுவென்று இருக்கிறது என்றார். விசாரித்தால், உப்புக் கிணற்றுத் தண்ணீர். ஓலையில் தங்கும் உப்பு, கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடிதண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துத் தெளித்தாலே ஓலைக்குப் போதும். மிஞ்சிய ஓலையைச் சுற்றியபடியே விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். விரித்து உலர்த்தி, அடுத்த முறை மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள்.