டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறதா? கேபிள் இழுங்கள்

ஹாலில் ரௌட்டர், படுக்கையறையில் டிவி, நடுவே இரண்டு சுவர். படம் சுற்றிக்கொண்டே நிற்க இதுவே பெரும்பாலும் காரணம். 4கே (மிகத் துல்லியமான) படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் நெட் வேகம் 15 எம்பிபிஎஸ்தான். உங்கள் நெட் பிளான் இதற்கு மேல் இருந்தால், அதை உயர்த்துவது வீண் செலவு.

முதலில் டிவியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் நெரிசல் அதிகம். ஆனால் 5-க்குச் சுவர் தாண்டும் தெம்பு குறைவு. ரௌட்டரை இரும்பு பீரோ பக்கத்தில் வைக்காதீர்கள்.

நிலையான தீர்வு, ரௌட்டரிலிருந்து டிவி வரை நெட் கேபிள்தான். கேட் 6 (நெட் கேபிளின் ஒரு தரம்), முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம்; கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், நாலு முறை வளைத்தால் ஒடியும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்கச் சம்மதிக்காதீர்கள், அது ஆபத்து.

கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கின் கொக்கி கீழே இருக்க, கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையிலும் இதே வரிசை. கேபிளின் மேலுறையும் பிளக்குக்குள் போய்க் கிரிம்ப் ஆக (கருவியால் அழுத்திப் பிடிக்கப்பட) வேண்டும்; இல்லையென்றால் ஒரு இழுப்பில் கழன்றுவிடும்.

நெட் வேகச் சோதனையில் டிவி 90 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? பயப்படாதீர்கள். பல டிவிகளின் லேன் போர்ட்டே (நெட் கேபிள் செருகும் இடம்) 100 எம்பிபிஎஸ்தான், தாராளமாகப் போதும்.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால் மெஷ் யூனிட், அதாவது ரௌட்டரின் வைஃபையை வாங்கி மேலும் தூரம் பரப்பும் பெட்டி. அதை டிவி பக்கத்தில் அல்ல, பாதி வழியில் வையுங்கள்.