பிரவுசர் போரைப் பற்றி நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் சில விஷயங்கள்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசர்களில் முதலில் முன்னணியில் இருந்த நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடம் ஏன் தோற்றது என்று கேட்டுப் பாருங்கள், "எக்ஸ்புளோரர் நல்லா இருந்தது" என்பார்கள், இல்லையென்றால் "மைக்ரோசாஃப்ட் அமுக்கிவிட்டது" என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மென்பொருள் தொழிலில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, நல்ல பொருளைச் செய்துவிட்டால் ஜனங்கள் தேடி வருவார்கள் என்று நம்புவது. பெரும்பாலான மக்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, கம்ப்யூட்டரோ போனோ கையில் வரும்போது அதில் எது இருக்கிறதோ அதைத் திறக்கிறார்கள். 1995 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்து அமர்க்களப்படுத்திய நெட்ஸ்கேப்பை, விண்டோஸோடு எக்ஸ்புளோரரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தே மைக்ரோசாஃப்ட் ஓரங்கட்டியது. அது பழைய கதை என்று நினைத்தால், 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகையைப் பாருங்கள்: சுமார் 2,000 கோடி டாலர். ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் தேடினால் முதலில் கூகுள் வர வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். தேடுவதற்கு அதை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கிய நிறுவனமே இடத்துக்கு இவ்வளவு வாடகை கொடுக்கிறது என்றால், இடம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இடம் பிடித்தவரை அசைக்கவே முடியாதா? முடியும், அவர் தூங்கிவிட்டால். 2001 ஆகஸ்டில் எக்ஸ்புளோரர் 6 வந்தது, அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான். போட்டியாளர் யாரும் இல்லை என்ற நினைப்பில் ஐந்து வருடம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியில் 2004 நவம்பரில் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 நுழைந்தது, அதன் பின்னால் 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தது. குரோமை அதன் வேகம் மட்டும் ஜெயிக்க வைக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது, கூகுளின் முகப்புப் பக்கமே அதற்கு விளம்பரப் பலகையாக இருந்தது.

நெட்ஸ்கேப் தன் கையாலேயே செய்துகொண்ட தவறு ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. 1998இல் பழைய நிரலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத முடிவெடுத்தார்கள். நான்காம் பதிப்பு வந்தது 1997இல், ஐந்து என்று ஒன்று வரவே இல்லை, ஆறு வந்தது 2000 நவம்பரில். எதிரி அடுத்தடுத்துப் பதிப்புகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று வருடம் கடையில் பெரிதாகப் புதுச் சரக்கே இல்லை! பழைய நிரல் அசிங்கமாகத்தான் இருக்கும், பல வருடத்துப் பிழைதிருத்தங்கள் அதற்குள் இருப்பதால். அடித்துத் தரைமட்டமாக்கும் ஆசை வரும்போது இந்த மூன்று வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. போட்டியை அமுக்குவதாக மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது 1998 மே, தீர்ப்பு 2000இல், அதற்குள் 1999இலேயே நெட்ஸ்கேப் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

அப்புறம், பத்துப் பெயர் இருப்பதால் பத்துப் போட்டியாளர்கள் இருப்பதாகக் கணக்குப் போடாதீர்கள். ஓபரா 2013இலும் எட்ஜ் 2020 ஜனவரியிலும் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் தங்கள் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு, குரோமுக்கு அடித்தளமான கூகுளின் குரோமியத்துக்கு மாறின. பிரேவ், சாம்சங் இன்டர்நெட் உள்ளேயும் அதேதான். ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024இல் விலக்கு தரும் வரை, அடியில் ஓடியது ஆப்பிளின் எஞ்சினான வெப்கிட்தான். மூன்றாவதாகத் தனித்து நிற்பது ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ ஒன்றுதான், அது போய்விட்டால் இணையத்தின் விதிகளை இரண்டே நிறுவனங்கள் எழுதும் என்பதால்தான் நான் இன்னும் அதை விடாமல் பயன்படுத்துகிறேன்.

கம்ப்யூட்டரில் ஜெயித்த வழி போனிலும் செல்லும் என்பது இன்னொரு தவறான கணக்கு. மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்று போனுக்கே ஒரு இயங்குதளம் செய்தது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் அதை 1,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்றது, ஆனால் அதில் அதிகாரபூர்வமான வாட்ஸ்அப் இல்லை. நம் ஊரில் வாட்ஸ்அப் இல்லாத ஸ்மார்ட்போனை யார் வாங்குவார்கள்? 2015 டிசம்பரில் போன் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதே நிரலிலிருந்து கிளைத்த கய்ஓஎஸ், 2017இல் பட்டன் வைத்த ஜியோபோனில் ஏறி, 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு ஜியோ சிம்மோடு கடைக்கு வந்தது. அடுத்த வருடம் அதற்கு வாட்ஸ்அப்பும் வந்தது.